சுழியை விட்டு முனையை வெட்டு: டர்பன் கோயில் ஒன்றின் காவடிப் பலகைகளில் ஒரு கோணத் தடியெழுத்து

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு முருகன் கோயில், தைப்பூசக் காவடிக்கு வேண்டிய எல்லா எழுத்து வேலைகளையும் ஒரே எழுத்துருவில் செய்ய முடிவெடுத்தது. வாசல் பெயர், சாலையோர பேனர், வண்டி நிறுத்தப் பலகை, அன்னதானப் பந்தல் பலகை, தொண்டர்களின் மேலங்கி எல்லாம் அதில் அடக்கம். குழு கேட்டது ஒன்றுதான்: எழுத்து கம்பீரமாக நிற்க வேண்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும். ஆங்கிலத்துக்கு அவர்கள் காட்டிய மாதிரி, வளைவே இல்லாமல் முனைகளை 45 பாகையில் சீவிய, தடித்த, கோட்டு நுனிகளில் சிறகில்லாத எழுத்து. விளையாட்டுச் சட்டைகளின் முதுகிலும் மினிபஸ் டாக்சிகளின் பின்கண்ணாடியிலும் இந்த ஊரில் தினமும் பார்க்கக் கிடைக்கும் வகை அது.

அந்த வகையின் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். தடிமன் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. வட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் எண்கோணம். எழுத்தின் மேலும் கீழும் தட்டையாக இருப்பதால் ஒரு சொல் முழுவதும் செங்கல் வரிசை போல ஒரு கட்டியாகத் தெரியும். மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930-இல் வரைந்த பேங்க் கோதிக் இந்தப் பக்கம் சாய்ந்த பழைய எழுத்துருக்களில் ஒன்று. அது சதுரம், ஆனால் அமைதி. டாம் கார்னேஸும் ரானி பாண்டரும் 1970-இல் கொண்டுவந்த மெஷின் என்ற எழுத்துருவில்தான் முனைவெட்டு முழு முரட்டுத்தனத்தோடு வருகிறது. பெரிய எழுத்துகள் மட்டும், நெருக்கமாக, கத்திச் சொல்வதுபோல. தலைப்பு, எண், ஓரிரு சொற்கள்: இதற்கு மேல் இந்த வகையிடம் எதிர்பார்க்கக் கூடாது. மூன்று வரி படித்தாலே கண் களைத்துவிடும். ஏனென்றால் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு காட்டும் வளைவைத்தான் இது முதலில் தியாகம் செய்கிறது.

ஆங்கிலத்துக்கு அந்தத் தியாகம் பெரிதில்லை. தமிழுக்கு அதுதான் முழுச் சிக்கலும்.

தமிழ் எழுத்துக்குக் கோணம் அந்நியம் என்று சொல்ல வரவில்லை. மாங்குளம் குகைகளில் உள்ள தமிழ்பிராமி பெரும்பாலும் நேர்கோடுகளாகக் கல்லில் வெட்டப்பட்டதுதான். இன்றைய எழுத்திலும் ட, ப, ம, ய, ர, ங ஆகியவை பிறவியிலேயே கோணக்காரர்கள். முனையைச் சீவினால் அழகாகவே நிற்கும். இந்த வகை எழுத்துருக்களுக்கான விளம்பர மாதிரிகளில் இந்த எழுத்துகள் உள்ள சொற்களையே காட்டுவது தற்செயல் இல்லை. இ, ஐ, ஞ, ண, ழ, ஜ ஆகியவற்றைத் தட்டச்சு செய்து பார்க்கும்வரை எந்தக் கோண எழுத்துருவையும் வாங்கக் கூடாது.

வரைவில் என்ன நடந்தது

அடித்தளமாக எடுத்தது எக் டைப் நிறுவனத்தின் அனெக் தமிழ். அது மாறும் எழுத்துரு. தடிமன் 100 முதல் 800 வரையும் அகலம் 75 முதல் 125 வரையும் நகரும். திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் திருத்தி எழுதலாம். திருத்தியதும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும்; எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது; மூலத்தில் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தப் பெயரையும் வைக்க முடியாது. ஒதுக்கப்படாவிட்டாலும் வேறு பெயர் வைப்பதே நல்லது. இல்லையென்றால் ஒரே கணினியில் இரண்டும் மோதி, எது அச்சாகிறது என்றே தெரியாமல் போகும்.

எழுத்துருவின் அளவுச் சதுரமான எம் 1000 அலகு. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் 700, தண்டின் தடிமன் 150, முனைவெட்டு 60. முதல் வரைவில் இதே தடிமனைத் தமிழுக்கும் கொடுத்து, எல்லா முனைகளையும், சுழிகள் உட்பட, 45 பாகையில் வெட்டியிருந்தார்கள். தாளில் அது மிரட்டலாக இருந்தது. பத்தடி தள்ளி நின்றால் மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே கறுப்புக் கட்டி. ண-வுக்கு ஒரு சுழி கூடுதல். அதே 150 தடிமனில் அதன் அகலம் 1,150 அலகுக்குப் போனது, அப்படியும் சுழிகளின் உள்வெளி, அதாவது சுழிக்குள் இருக்கும் வெற்றிடம், அடைபட்டே கிடந்தது.

இரண்டாம் வரைவில் விதி மாறியது: வெளிமுனையை வெட்டு, சுழியைத் தொடாதே. எழுத்தின் வெளிக்கோட்டில் மட்டும் 45 பாகை வெட்டு. உள்ளே இருக்கும் சுழிகள் முனை மழுங்கிய செவ்வகங்கள், மழுங்கல் ஆரம் 25 அலகு, உள்வெளி எங்கும் 70 அலகுக்குக் குறையக் கூடாது. தமிழின் நின்ற தண்டு 125, கிடைக்கோடு 105. ண-வுக்கு மட்டும் தண்டை 105 ஆக்கி 980 அலகுக்குள் அடக்கினார்கள். தனியாகப் பார்த்தால் ண மெலிந்த மாதிரி இருக்கும். சொல்லுக்குள் யாருக்கும் தெரியாது. ஒரே தடிமன் என்ற கொள்கையை விடாப்பிடியாகப் பிடிக்கிற வரைவாளர்களிடம்தான் தமிழ்த் தடியெழுத்து பெரும்பாலும் கெட்டுப்போகிறது என்பது இந்த ஆய்வின் கருத்து.

குடிநீர் என்ற சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். நீ-யின் தலையில் உள்ளது சுழித்த மேல்விலங்கு. அந்தச் சுழி அடைந்தால் மேல்விலங்கு மட்டும் மிஞ்சும், பலகை குடிநிர் என்று படிக்கும். அடுத்த எழுத்தான ர்-இன் அடியில் இடப்பக்கம் சாயும் கீற்றை முதல் வரைவில் வெறும் முனைவெட்டாகச் சுருக்கியிருந்தார்கள். அது போனால் ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே இல்லை. கரம் என்று எழுதினால் காம் என்று நிற்கும். கீற்றை அடிக்கோட்டுக்குக் கீழே 160 அலகு இறக்கி, நுனியை வெட்டாமல் விட்டபிறகுதான் சரியானது. எ, ஏ இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இப்படி ஒரு கீற்றில்தான் தொங்குகிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு விஷயத்தில் மேல் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. இரண்டு சுழியும் ஒரே அளவில் இருந்தால் கீழ்ச்சுழி மேலதை விழுங்கிவிடுகிறது.

புள்ளிக்கு முதலில் சதுரம் போட்டார்கள். ப், ட் ஆகியவற்றின் நேர்த்தண்டுக்கு மேல் சதுரப் புள்ளி வைத்தால், தண்டு உடைந்து ஒரு துண்டு மேலே போன மாதிரி தெரிகிறது. சதுரத்தைச் சாய்த்து வைரமாக்கினால் சிறுத்துவிடுகிறது. கடைசியில் 130 அலகு அகலமுள்ள எண்கோணம், எழுத்துக்கும் அதற்கும் நடுவே 55 அலகு இடைவெளி. தமிழ் எழுத்தின் உடல் உயரம் 600. மேலே புள்ளியோடு 785 வரை போகும், கீழே ழ, மு போன்றவை 190 இறங்கும். ஆக ஒரு வரிக்கு 975 அலகு தேவை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போடும் வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டால் மேல்வரியின் கீழ்விலங்கும் கீழ்வரியின் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் 1.35 மடங்கு என்று வைத்ததும் மோதல் நின்றது.

ஆங்கில எழுத்துகளில் கவனிக்க வேண்டியது குறைவு, ஆனால் வண்டி நிறுத்தத்தில் அதுதான் வம்பு. எண்கோண வகையில் டி, ஓ, சுழியம் மூன்றும் ஒரே உருவம். பி-யும் 8-ம் அப்படியே. எஸ்-உம் 5-ம் அப்படியே. டி, பி இரண்டின் இடப்பக்க முனைகளை வெட்டாமல் சதுரமாக விட்டார்கள். ஓ, 8 இரண்டுக்கும் நான்கு முனையும் வெட்டு. சுழியம் ஓ-வை விட ஒடுங்கியது, நடுவில் சாய்கோடு. 5-இன் மேல் இட முனை கூர், எஸ்-க்கு வெட்டு. இத்தனைக்குப் பிறகும் வரிசைப் பெயர்களில் டி, ஓ, பி, எஸ் நான்கையும் தவிர்த்துவிட்டது புத்திசாலித்தனமான முடிவு.

எவ்வளவு பெரிது

பலகை எழுதும் சைன் தொழிலில் எல்லோர் வாயிலும் உள்ள கணக்கு, ஒரு அங்குல எழுத்துக்குப் பத்து அடி தூரம். இது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. தமிழுக்குத் தாராளமாகவே போட வேண்டும். அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும் 120 மி.மீ. எழுத்து சுமார் 14 மீட்டருக்குத்தான் சௌகரியம். தென்னாப்பிரிக்க நகரச் சாலையில் பொது வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ.; அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. 120 மி.மீ. எழுத்தை ஓட்டுநர் ஒரு நொடிகூடப் பார்க்க முடியாது. அதனால் நடந்து வருகிறவர்களுக்கான பலகைக்கு 120, சாலையோர பேனருக்கு 300 என்று பிரித்தார்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரமுள்ள பேனரில் காவடி என்ற ஒரே சொல், அடியில் ஆங்கிலம், பக்கத்தில் அம்புக்குறி. முருகன் படம், நன்கொடையாளர் படம், தேதி, நேரம், தொலைபேசி எண் எல்லாம் வேண்டும் என்று பேச்சு வந்தது. அவை கோயில் வேலியில் நின்று படிக்கும் பேனருக்குப் போயின.

உள்பலகைகள் கோரெக்ஸ் என்ற பிளாஸ்டிக் அட்டையில், 5 மி.மீ. கனம். 2440 × 1220 மி.மீ. தாள் ஒன்றில் 1220 × 610 அளவில் நான்கு பலகை வரும். அன்னதானம் என்ற சொல் இந்த எழுத்துருவில் 5,350 அலகு, 120 மி.மீ. உயரத்தில் 1,070 மி.மீ. நீளம். இருபுறமும் 75 மி.மீ. ஓரம் மிஞ்சுகிறது. முதலில் பேசியிருந்த 900 மி.மீ. பலகையில் இது உட்காராது. உட்காராதபோது கடையில் செய்வது, திரையில் எழுத்தின் ஓரக் கைப்பிடியைப் பிடித்து அகலத்தை 80 சதவீதத்துக்கு அமுக்குவது. அமுக்கினால் நின்ற தண்டு 125-லிருந்து 100 ஆகிறது, கிடைக்கோடு 105-லேயே நிற்கிறது, 45 பாகை வெட்டு 51 ஆகிவிடுகிறது. வளைவுள்ள எழுத்தில் இந்தக் கோளாறு பாதி மறைந்துவிடும்; கோண எழுத்தில் பக்கத்துப் பலகையோடு வைத்துப் பார்த்ததும் பல்லிளிக்கும். தேவைப்பட்டால் ஒடுங்கிய வடிவத்தைத் தனியாக வரைய வேண்டும். இங்கே பலகையைப் பெரிதாக்கினார்கள்.

தமிழ் படிக்காத கைகள்

1903-இல் டர்பனில் காந்தி தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. 1906-இல் தமிழ், இந்திப் பகுதிகள் நின்றுபோயின. எழுதவும் அச்சுக் கோக்கவும் தக்க ஆள் கிடைக்காதது அதற்கு ஒரு காரணம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலிகளை இறக்கிய ஊர் இது; தமிழ் எழுத்தைத் தொட்டு வேலை செய்யத் தெரிந்த கைகள் இங்கே என்றும் குறைவு. இன்றும் சைன் கடையில் எழுத்தை வெட்டும் பிளாட்டரை இயக்குபவருக்குத் தமிழ் எழுத்து ஒரு படம் மட்டுமே. பலகை சரியா தவறா என்று அவரால் சொல்ல முடியாது, சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தடித்த கோண எழுத்து இதில் கூடுதல் ஆபத்து: தப்பாக இருந்தாலும் திடமாக, முடிந்த வேலை போலத் தோற்றம் தரும்.

கொம்பு பிரிந்து நிற்பது முதல் தவறு. கொ என்ற எழுத்து க, கொம்பு, புள்ளிகளாலான வட்டம், கால் என்று சிதறி வந்தால், மென்பொருளில் எழுத்துகளைச் சேர்த்து வரியாகக் கோக்கும் அமைப்பி மாற்றப்படவில்லை என்று பொருள். இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளைக் கையாளும் அமைப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப், எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் பொறியைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துகளுக்கு நடுவே இடம் கூட்டுவதும் இதே வம்பில் முடியும். சில மென்பொருள்கள் கொம்புக்கும் மெய்க்கும் நடுவேகூட இடம் விட்டுவிடும். அதற்காகத்தான் எழுத்துருவிலேயே பக்க ஓரம் 45 அலகு தாராளமாக வைத்து, கடையில் இடைவெளியைத் தொடவே வேண்டாம் என்று வேலைச் சீட்டில் எழுதப்பட்டது.

அடுத்தது, மாறும் எழுத்துருவுக்கே உரிய கோளாறு. அதன் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல துண்டுகளால் ஆனவை. திரையிலும் அச்சிலும் தெரியாது. பிளாட்டர், வினைல் என்ற ஒட்டுத்தாளைக் கோட்டைப் பின்பற்றி வெட்டும் கருவி. துண்டுகள் மேலேறிய இடத்திலெல்லாம் எழுத்தின் நடுவே கத்தி போய்விடும். முதல் தொகுதி வினைலில் அ, த இரண்டும் இப்படித்தான் துண்டாகி வந்தன. கோட்டுருவமாக மாற்றியபின் எல்லாத் துண்டுகளையும் ஒன்றிணைக்க வேண்டும்: கோரல்டிராவில் வெல்டு, இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், இங்க்ஸ்கேப்பில் யூனியன். இணைக்கும்போது சுழிகளின் உள்வெளி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

இன்னும் தடிமன் வேண்டும் என்று எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவது வேறொரு பழக்கம். கோணமுள்ள உருவத்துக்கு அது இரட்டைத் தண்டனை. உள்வெளி சுருங்கும், கூர்முனைகளில் கோடு ஈட்டி போல நீண்டு வெளியே வரும். எஸ்.வி.ஜி. என்ற கோட்டுருவக் கோப்பில், முனை எவ்வளவு நீளலாம் என்று சொல்லும் மைட்டர் வரம்பு இயல்பாக 4. சுமார் 29 பாகைக்குக் குறைந்த கூர்முனைகள் மட்டும் தட்டையாக வெட்டப்படும், மற்றவை நீளும். ர-வின் கீற்று இதில் முதலில் மாட்டும்.

வேடிக்கையான தவறு கொடிகளில் வந்தது. செங்குத்தான துணிக்கொடியில் சொல்லை மேலிருந்து கீழாக அடுக்கும்போது, காவடி நான்கு படியாக வந்தது: க, அதன் கீழே தனியாகத் துணைக்கால், பிறகு வ, டி. தமிழில் அடுக்க வேண்டியது உயிர்மெய்யை முழுசாக: கா, வ, டி. அடுக்கு எழுத்தைக் கடையில் தட்டச்சு செய்ய விடாமல், கோட்டுருவமாகவே அனுப்பியதும் சரியானது. உண்மையில் செங்குத்து அடுக்கைத் தமிழில் தவிர்ப்பதே மேல். சொல்லை 90 பாகை சாய்த்துப் போட்டால் தலையைத் திருப்பியாவது படித்துவிடுவார்கள்.

வினைலில் வேண்டாத பகுதியை உரித்து எடுக்கும்போது புள்ளிகளும் சேர்ந்து போய்விடும். இதற்கு ஒரு எளிய வழி பலித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேலைச் சீட்டில் புள்ளி எண்ணிக்கை எழுதப்பட்டது: அன்னதானம் 2, குடிநீர் 1, கழிப்பறை 1, முதலுதவி 0. தமிழ் தெரியாதவருக்கும் எண்ணத் தெரியும். கூடவே கையளவு படம் ஒன்று, மேல் எது கீழ் எது என்று அம்புக்குறியோடு.

மேலங்கியில் திரை அச்சு, 43டி வலை (சென்டிமீட்டருக்கு 43 இழை). பின்னல் துணியில் மை பரவும். 40 மி.மீ. உயரத்தில் சுழியின் உள்வெளி 4.7 மி.மீ., அது தாங்குகிறது. மார்புப் பக்கம் 20 மி.மீ.-இல் போட்டுப் பார்த்ததில் 2.3 மி.மீ. உள்வெளி பாதி மூடிக்கொண்டது. எனவே இந்த எழுத்துருவுக்கு அடி வரம்பு 40 மி.மீ.; அதற்குக் கீழே போக அனுமதியில்லை. நிறம் மஞ்சள் துணியில் கறுப்பு. சிவப்பில் மஞ்சள் கேட்டவர்களுக்கு அது வாசல் வளைவில் கிடைத்தது, படிக்க வேண்டிய பலகைகளில் இல்லை.

வாசல் பெயர்

வாசலுக்குத் தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டலாம் என்பது முதல் யோசனை. அப்படி வெட்டினால் சுழிகளின் உள்ளே இருக்கும் துண்டுகள் எல்லாம் கழன்று விழும். விழாமல் இருக்கப் பாலம் விட வேண்டும்; பாலம் விட்டால் சுழி எது, கொம்பு எது என்று குழம்பும். ஆகவே எழுத்தையே வெட்டி, குரோமாடெக் என்ற நிறம் பூசிய எஃகுப் பலகைமேல் தூக்கிப் பொருத்தினார்கள். எழுத்து 3 மி.மீ. தகடு, லேசர் வெட்டு. பிளாஸ்மாவில் வெட்டுவாய் ஒரு மி.மீ.-க்கு மேல் போய்விடும், 25 அலகு மழுங்கல்கள் கரைந்துவிடும். டர்பன் கடற்காற்றில் சாதா இரும்பு நிற்காது என்பதால் 316 தர எவர்சில்வர். பின்னால் பற்றவைத்த எம்4 திருகுத்தண்டுகளும் அதே தரம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு தண்டு. ஒன்றே போட்டால் எண்கோணப் புள்ளி காற்றில் சுழன்று சாய்ந்து நிற்கும். பின்னொளி வைத்தபோது இரவில் சுழிகள் ஒளியில் கரைந்தன. விளக்கின் பிரகாசத்தைக் குறைத்து, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளியை 30-லிருந்து 20 மி.மீ. ஆக்கியதும் ஓரளவு தெளிந்தது.

பழைய அடிக்கல்லில் லை, னை ஆகியவை யானைத் துதிக்கை வடிவில் இருந்தன. தமிழ்நாட்டு அரசு 1978-இல் சீர்திருத்த வடிவத்தை ஏற்பதற்கு முன் வெட்டிய கல் அது. புதிய வாசலிலும் அப்படியே வேண்டுமா என்று பேச்சு எழுந்தது. தடித்த கோண எழுத்தில் அந்தத் துதிக்கை இடுப்புப் பட்டை மாதிரி ஆகிவிடுகிறது. இன்று பிள்ளைகள் படிக்கும் பாடநூலிலும் அது இல்லை. வைக்கவில்லை.

நன்கொடையாளர் பலகை மட்டும் இந்த எழுத்துருவுக்கு வெளியே நின்றது. படையாச்சி, முதலி, கவுண்டர், நாயக்கர் என்று வரிசையாக வரும் பெயர்கள், கருங்கல்லில் 12 மி.மீ. உயரம், பக்கத்திலேயே ஆங்கிலத்தில் குடும்பங்கள் எழுதிவரும் பழைய எழுத்துக்கூட்டல். அந்த அளவில் கோணத் தடியெழுத்து ஒரு கறுப்புக் கோடு. அதற்கு முக்தா மலர் என்ற எழுத்துருவின் நடுத்தர எடை போடப்பட்டது. பெயர்களை வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கியபிறகே கல்லுக்கு அனுப்பினார்கள்.